செல்வர் மரணமும் ஊரார் ஐயமும்

ஏழையொருவர் இறந்தால் ஊரார் வந்து துக்கம் விசாரித்துச் செல்வர். பெருஞ்செல்வர் ஒருவர், அதிலும் பிறர் பணத்தைத் தம் கையில் வைத்திருந்தவர், தூரதேசத்தில் திடீரென இறந்தாரெனிலோ, துக்கம் விசாரிப்பதற்கு முன்னரே, “மெய்யாகவே இறந்தாரா? இறந்ததாக நாடகமாடி ஒளிந்துகொண்டாரா?” என்னும் வினா எழுந்துவிடுகின்றது. இவ்வையம் எங்ஙனம் பிறக்கின்றது, அதனை எங்ஙனம் ஆராய்தல் வேண்டும் என்பவற்றை இங்கே சிறிது நோக்குவோம்.

அண்மைக் காலத்து நிகழ்ச்சியொன்றை எடுத்துக்கொள்வோம். கனடாவிற் குவாட்ரிகா என்னும் நிறுவனத்தை நடத்தியவர் ஜெரால்ட் கொற்றன். பிட்கொயின் முதலிய மின்னணு நாணயங்களை வாங்கவும் விற்கவும் வாய்ப்பளித்த நிறுவனம் அது. இவர் 2018 டிசெம்பர் 9 ஆந் திகதி, தமது 30 ஆவது வயதில், இந்தியாவின் ஜெய்ப்பூர் நகரிற் குடல்நோயின் விளைவாக இறந்தார். வாடிக்கையாளர் பணத்தைத் திறக்கும் இரகசியச் சொற்களை அவர் ஒருவரே அறிந்திருந்தார் எனப் பின்னர் கூறப்பட்டது. 76,000 பேருக்கு மேற்பட்டோருக்குச் சேரவேண்டிய ஏறத்தாழ 21 கோடியே 50 இலட்சம் கனேடிய டொலர் கைக்கெட்டாது போயிற்று.

ஐயம் முளைப்பதற்கு வேண்டிய விதைகள் யாவும் அங்கே இருந்தன. மரணச் செய்தி ஒரு மாதத்திற்கு மேல் வெளியிடப்படவில்லை. 2019 சனவரி 14 ஆந் திகதியே அறிவிக்கப்பட்டது. இறப்பதற்குப் பன்னிரண்டு நாட்களுக்கு முன்னரே அவர் மரணசாதனம் எழுதியிருந்தார். இறப்புச் சான்றிதழிலோ அவர் பெயர் பிழையாகப் பதியப்பட்டிருந்தது. இவற்றை ஒன்றாகக் கோத்த பலர், அவர் பணத்துடன் ஓடிவிட்டாரென உறுதியாக நம்பினர். உடலைத் தோண்டியெடுத்து ஆராயுமாறு வாடிக்கையாளரின் வழக்கறிஞர்கள் 2019 டிசெம்பரிற் கனேடியப் பொலிசாரைக் கேட்டனர்.

ஆராய்ச்சியில் வெளிவந்தது யாது? நாணயங்கள் சேமிக்கப்பட்டிருந்ததாகக் கருதிய மின்னணுப் பெட்டகங்களைக் கணக்காய்வாளர் நோக்கியபோது, அவற்றுட் பெரும்பாலானவை 2018 ஏப்ரல் முதலே வெறுமையாயிருந்தன. கொற்றன் பொய்ப்பெயர்களிற் கணக்குகள் திறந்து, இல்லாத பணத்தை இருப்பதாகக் காட்டித் தம் வாடிக்கையாளருடனேயே வியாபாரஞ் செய்து, ஏறத்தாழ 11 கோடியே 50 இலட்சம் டொலரைத் தொலைத்தாரென ஒன்ராறியோ மாகாணப் பிணையங்கள் ஆணைக்குழு 2020 ஜூனில் அறிவித்தது. எனவே, வாடிக்கையாளர் வஞ்சிக்கப்பட்டது மெய். ஆனால், அவர் கொண்டோடியதாகச் சொல்லப்பட்ட பணத்திற் பெரும்பகுதி அவர் உயிரோடிருந்த காலத்திலேயே அழிந்துவிட்டது. ஓட்டத்திற்குக் கூறப்பட்ட காரணமே அத்துடன் தளர்ந்தது.

நம் வாவியின் இசையை இங்கே நினைவுகூர்தல் பொருந்தும். நிலாக் காலத்திற் கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தி, துடுப்பை நீரில் அமிழ்த்தி, அதன் மேல்முனையிற் காதை வைத்துக் கேட்பது நம்மவர் வழக்கம். ஓசை மெய். அதனை எழுப்புவது மீன் என்பாரும், சிப்பி என்பாரும் உளர். கேட்ட ஓசை மெய்யாயிருப்பதால் அதற்குக் கூறுங் காரணமும் மெய்யாகிவிடாது. பணத்தை இழந்தோரின் ஓலமும் அத்தகையதே. இழப்பு மெய், அதனை விளக்கப் பிறந்த கதை வேறாக ஆராயப்பட வேண்டியது.

இனி, ஐயமெல்லாம் வீணென்று தள்ளவும் இயலாது. வங்காளத்தின் பெருஞ்சமீன்களுள் ஒன்றான பவாலின் இரண்டாங் குமாரர் இராமேந்திர நாராயண ராய் 1909 இல் டார்ஜிலிங்கில் இறந்து தகனஞ் செய்யப்பட்டாரெனக் கூறப்பட்டது. சுமார் 12 ஆண்டுகளின் பின் டாக்காவில் தோன்றிய சந்நியாசி ஒருவர் தாமே அக்குமாரரென்றார். 1930 இல் வழக்குத் தொடரப்பட்டது. ஆயிரத்துக்கு மேற்பட்ட சாட்சிகள் விசாரிக்கப்பட்டனர். உடலிலுள்ள அடையாளங்கள் ஒவ்வொன்றாக ஒப்புநோக்கப்பட்டன. 1936 இல் நீதிபதி பன்னாலால் வசு சந்நியாசிக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். அதனைக் கல்கத்தா உயர்நீதிமன்றம் 1940 இலும், இலண்டன் கோமறைக் கழகம் 1946 இலும் நிலைநிறுத்தின. ஆங்கிலேயப் பாராளுமன்ற உறுப்பினர் ஜோன் ஸ்ரோன்ஹவுஸ் 1974 நவம்பரில் மயாமிக் கடற்கரையில் உடைகளை விட்டுவிட்டு மறைந்தார்; அடுத்த மாதமே அவுஸ்திரேலியாவிற் பிடிபட்டார். பொய்ப்பெயரில் அவர் செய்த வங்கிக் கொடுக்கல் வாங்கலே அவரைக் காட்டிக்கொடுத்தது.

இவ்விரு நிகழ்ச்சிகளிலும் உண்மையை நிலைநாட்டியது வதந்தியன்று, சாட்சியும் கணக்குமே. “தீர விசாரிப்பதே மெய்” என்னும் நம் முதுமொழி இதனையே உரைக்கின்றது. நல்ல ஐயம் சான்றைத் தேடும். சான்று கிடைத்தவுடன் அமையும். தீய ஐயமோ சான்று கிடைக்குந்தோறும் அதனையும் சூழ்ச்சியென்று சொல்லி வளரும். “எதனைக் காட்டினால் நீர் நம்புவீர்?” என்று கேட்டுப் பாருங்கள். விடை கூற இயலாதவர் ஐயுறுபவரல்லர். முன்னரே முடிவு கட்டியவர்.

இவ்வாறு எழுதும்போது நம் வாவிக்கரை மக்களை மறந்துவிடலாகாது. 2009 இல் முடிவுற்ற போர்க் காலத்திற் காணாமற்போனோரும், 2004 டிசெம்பர் 26 ஆந் திகதிய கடற்கோளில் அள்ளுண்டு உடலும் கிடைக்காதோரும் இங்குப் பலர். போர்ச் செயல்களாற் காணாமற்போய் ஓராண்டுக்கு மேலாகியும் தகவலற்றோரை இறந்தவராகப் பதிவுசெய்ய 2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம் இடமளித்தது. தாய்மார் பலர் அச்சான்றிதழை ஏற்க மறுத்தனர். இறப்பைக் கூறாது, ஆள் காணப்படவில்லை என்பதை மட்டும் உறுதிசெய்யுஞ் சான்றிதழுக்கு 2016 இல் வழி செய்யப்பட்டது.

வைத்தியரும் சான்றிதழும் உடலும் இருந்தும் செல்வர் மரணத்தை நம்ப மறுப்போர், இவற்றுள் ஒன்றுமே பெறாத தாயை நோக்கி, “இறந்தான் என்று ஏற்றுக்கொள்” என எளிதிற் சொல்லிவிடுகின்றனர். அவள் ஐயம் வதந்தியன்று. விடை பெறாத வினா. சான்றுள்ள இடத்தில் அமைதலும், சான்றில்லாத இடத்தில் அதனைக் கேட்போருக்குத் துணைநிற்றலும் கற்றோர் கடன். நம் கல்லூரியிற் பயிலும் இளைஞர் இவ்விரண்டையும் பகுத்தறியப் பழகுவாராக.