கைவிரல் அடையாளமும் சோதனைச் சாவடியும்

கைவிரல் நுனியில் உள்ள வரிகள் தாயின் வயிற்றிலேயே உருவாகிவிடுகின்றன. பத்தாவது வாரமளவில் தோன்றத் தொடங்கி, ஆறாம் மாதத்துக்குள் அவை நிலைபெறும். மரபணுவோடு கருப்பைக்குள் விரல் படும் அழுத்தமும் தோல் வளரும் வேகமும் சேருவதால், ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையருக்கும் வரிகள் வேறுபடும். ஒரு வரி எங்கே முடிகிறது, எங்கே இரண்டாகக் கிளைக்கிறது என்பதுதான் ஆளுக்கு ஆள் மாறும் அடையாளம். கருவி அந்தப் புள்ளிகளின் இடத்தையும் திசையையும் எண்களாக்கிச் சேமிக்கிறது. அடுத்த முறை விரல் வைத்தால் புதிய எண்கள் பழையவற்றோடு போதிய அளவு ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கிறது. அது செய்வது அவ்வளவுதான்.

இந்த ஒப்பீடு இரண்டு வகைப்படும். ‘நான் இன்னார்’ என்று சொல்பவரை அவருடைய சொந்தப் பதிவோடு மட்டும் ஒத்துப்பார்ப்பது ஒன்று. யாரென்றே தெரியாத விரலைப் பல இலட்சம் பதிவுகளுக்குள் தேடுவது மற்றொன்று. முதலாவதில் தவறு குறைவு. இரண்டாவதில் பதிவுகள் பெருகப் பெருகத் தற்செயலாக ஒத்துப்போகும் வாய்ப்பும் கூடும். 2004இல் மட்ரிட் ரயில் குண்டுவெடிப்பு விசாரணையில், சம்பந்தமே இல்லாத ஓர் அமெரிக்க வழக்கறிஞர் தடுத்து வைக்கப்பட்டது அத்தகைய தேடலில் நேர்ந்த பிழையால்தான்.

பொழுதுபோக்குப் பூங்காக்களின் வாசலில் நடக்கும் விரல் ஒப்பீடு முதல் வகை. அமெரிக்காவின் புளோரிடாவில் உள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்ட் 1990களில் விரல்களின் வடிவத்தை அளக்கும் கருவியை வாசலில் வைத்தது. 2000களில் விரல் நுனியை வாசிக்கும் கருவி வந்தது. பல நாள் டிக்கெட்டை வாங்கியவர் சில நாள் பாவித்துவிட்டு மிச்சத்தை இன்னொருவருக்கு விற்பதைத் தடுப்பதே நோக்கம். விரல் வைக்க விரும்பாதவர் படமுள்ள அடையாள அட்டையைக் காட்டலாம். ஆயுதம் உள்ளே போகாமல் பார்ப்பது வேறு வேலை. அதற்குப் பைச் சோதனையும், 2015 டிசம்பரில் சேர்க்கப்பட்ட உலோகம் கண்டறியும் கருவிகளும் இருக்கின்றன. இரண்டையும் ஒன்றாக எண்ணுவது பரவலான மயக்கம். பையில் என்ன இருக்கிறது, மனதில் என்ன இருக்கிறது என்பது விரல் வாசிக்கும் கருவிக்குத் தெரியாது.

விரல் அடையாளத்தைப் பதிவாக்கும் நவீன முறை பிறந்தது வங்காளத்தில். 1858இல் வில்லியம் ஹேர்ஷல் என்ற ஆங்கில அதிகாரி, வீதி வேலைக்குப் பொருள் வழங்க ஒப்புக்கொண்ட ராஜ்யதர் கோனாயின் கை அடையாளத்தை ஒப்பந்தத்தில் பதியவைத்தார். பின்னாளில் ‘நான் எழுதவில்லை’ என்று மறுக்கக் கூடாது என்பதே அவருடைய எண்ணம். 1897இல் கல்கத்தாவில் குற்றவாளிகளுக்கான விரல் அடையாளப் பணியகம் தொடங்கியது. பத்து விரல்களின் வரிகளை 1,024 பிரிவுகளாக வகுக்கும் கணக்கை அசீசுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் என்ற இரு இந்திய அலுவலர்கள் உருவாக்கினர். உலகமோ அதை அவர்களுடைய மேலதிகாரி எட்வர்ட் ஹென்றியின் பெயரால் அழைக்கிறது. 1901இல் அது லண்டன் ஸ்கொட்லண்ட் யார்டுக்குப் போனது.

குற்றவாளிகளுக்காக வகுத்த முறையை ஓர் இனத்தார் அனைவர் மீதும் விதித்தபோது எதிர்ப்பு எழுந்தது. தென்னாபிரிக்காவின் ட்ரான்ஸ்வாலில் இந்தியர்கள் விரல் அடையாளம் கொடுத்துப் பதிய வேண்டும் என்று 1906இல் வந்த சட்டமே காந்தியின் முதல் சத்தியாக்கிரகத்துக்குக் காரணம். அதில் தம்பி நாயுடு முதலிய தமிழர்கள் முன்னின்றனர். 1908 ஓகஸ்ட்டில் ஜொஹனஸ்பேர்க் பள்ளிவாசல் முன்றலில் பதிவுச் சான்றிதழ்கள் கொளுத்தப்பட்டன.

இலங்கையில் நெடுங்காலம் ஆளை அடையாளம் காட்டியது அட்டைதான். 1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டத்தின் கீழ் 1972இல் தேசிய அடையாள அட்டை வந்தது. அதன் பழைய இலக்கத்தின் முதல் இரண்டு எண்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று எண்கள் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணானால் அதோடு 500 கூட்டப்படும்.

போர்க்காலத்தில் கிழக்கிலங்கையின் மூதூர் மக்களால் அட்டை இல்லாமல் எங்கும் நகர முடியவில்லை. கிண்ணியாப் பாலம் 2009இல்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன் திருகோணமலை நகருக்குப் போக, கொட்டியாரக் குடாவைப் படகில் கடக்க வேண்டியிருந்தது. தரைவழி என்றால் ஆறுகளைப் படகுப்பாதையில் தாண்ட வேண்டியிருந்தது. வழிநெடுகச் சோதனை. காவலில் நின்றவர் அட்டையில் முதலில் பார்த்தது விலாசத்தை. 2006 ஓகஸ்ட் மோதலில் ஊரே இடம்பெயர்ந்தபோது அட்டையைத் தொலைத்தவர்கள், பிறப்புச் சான்றிதழிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி தேட வேண்டியிருந்தது. சுற்றிவளைப்புகளில் நிலைமை இன்னும் மோசம். முகத்தை மூடிய தலையாட்டி ஒருவர் தலையை ஆட்டினால் போதும், எதிரே நிற்பவரின் கதி முடிவாகிவிடும். 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு விடுதிகளிலிருந்து 376 தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டு வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. அவர்களை வெளியேற்றியது, யாரும் தாம் யாரென்பதை மறைத்ததால் அல்ல. ஆளைச் சரியாக அடையாளம் காண்பதும் ஆளை நியாயமாக நடத்துவதும் வெவ்வேறு என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பத்திரமே பொய்யானால் என்ன ஆகும் என்பதை மூதூர் ஆறாத துயரமாக அறிந்திருக்கிறது. அவ்வூர்ப் பெண் றிசானா நபீக்கின் பிறப்புச் சான்றிதழில் இருந்தது 1988 பெப்ரவரி 4. வீட்டுப் பணிப்பெண்ணாகச் சவூதி அரேபியாவுக்கு அவர் கொண்டுபோன கடவுச்சீட்டில் இருந்தது 1982 பெப்ரவரி 2. 2005 மே மாதம் அவருடைய பராமரிப்பில் இருந்த கைக்குழந்தை இறந்து, கொலைப் பழி அவர்மீது விழுந்தபோது அவருக்கு வயது 17. அங்குள்ள நீதிமன்றமோ கடவுச்சீட்டின்படி அவரை வளர்ந்தவராகக் கொண்டது. குற்றம் நடந்ததாகச் சொல்லப்படும் வேளையில் 18 வயது நிரம்பாதவருக்கு மரண தண்டனை கூடாது என்கிற சிறுவர் உரிமைச் சமவாயத்தில் சவூதியும் இணைந்திருக்கிறது. ஆனாலும் 2013 ஜனவரி 9ஆம் திகதி தண்டனை நிறைவேற்றப்பட்டது.

இலங்கையில் கடவுச்சீட்டுக்கு விரல் அடையாளம் எடுப்பது 2015இல் தொடங்கியது. அது முன்பே இருந்திருந்தால் றிசானாவைக் காப்பாற்றியிருக்குமா? உண்மையான பிறந்த திகதியோடு அவருடைய விரல் ஏற்கெனவே எங்காவது பதிந்திருந்தால் மோசடி பிடிபட்டிருக்கலாம். பொய்த் திகதியோடு முதன்முதலாகப் பதிந்திருந்தால், கருவி அந்தப் பொய்யை இன்னும் உறுதியாக அவரோடு பிணைத்திருக்கும். முதல் பதிவை எழுதும் மேசையில் என்ன நடக்கிறது என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. கிராம உத்தியோகத்தரின் சான்று, பிறப்புப் பதிவு, முகவர்கள் மீதான கண்காணிப்பு ஆகியவை வழுவினால் எந்தக் கருவியாலும் ஈடுசெய்ய முடியாது.

2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பின் பள்ளிவாசல், தேவாலயம், பாடசாலை, ஹோட்டல் என எங்கும் பைகள் திறக்கப்பட்டன. ஏப்ரல் முடிவதற்குள் முகத்தை மூடும் உடைக்குத் தடை வந்தது. மூதூரின் முஸ்லிம் பெண்களுக்குச் சோதனையோடு கூச்சமும் அச்சமும் சேர்ந்தன. பெண்களைப் பெண்களே மறைவான இடத்தில் சோதிப்பது சலுகையல்ல. பாதுகாப்புச் சோதனையின் அடிப்படை ஒழுங்கு.

அலுவலகங்களில் விரல் அடையாளம் வரவுப் பதிவாக நுழைந்தது. 2017இல் அரச அலுவலகங்களுக்கு அது கட்டாயமாக்கப்பட்டது. 2020இல் கொரோனாத் தொற்றுக்காக நிறுத்தப்பட்டது. 2025 ஓகஸ்ட்டில் அஞ்சல் ஊழியர்கள் செய்த வேலைநிறுத்தத்திலும் அது ஒரு பிரச்சினையாக இருந்தது.

மேசை வேலை செய்பவரின் விரல் கருவியில் எளிதாகப் பதியும். வலைக்கயிறு இழுப்பவர், வயலில் களை பிடுங்குபவர், சீமெந்து குழைப்பவர் ஆகியோரின் விரலில் வரிகள் தேய்ந்துபோகின்றன, முதுமையிலும் அப்படியே. இந்தியாவில் ஆதார் விரல் ஒப்பீடு தவறியதால் ரேஷன் கடையில் அரிசி கிடைக்காமல் திரும்பியவர்களில் இத்தகைய உழைப்பாளிகளும் முதியவர்களும் பலர். இலங்கை இந்தியாவின் நிதியுதவியோடு உருவாக்கும் டிஜிட்டல் அடையாளத்தில் விரலோடு கண்ணின் கருவிழியும் முகமும் பதியப்பட உள்ளன. ஒன்று தவறினால் மற்றொன்று உதவும். மூன்றும் தவறினால் உத்தியோகத்தர் தம் பொறுப்பில் ஆளை உறுதிப்படுத்த எழுத்து மூல வழி வேண்டும். அது இல்லாவிட்டால் கஷ்டப்படப்போவது மூதூரின் மீனவரும் விவசாயியுமே.

கடவுச்சொல் திருடுபோனால் மாற்றலாம். விரலை மாற்ற முடியாது. ஆகவே விரல் பதிவு வாங்கும் எந்த நிறுவனமும், எதற்காக வாங்குகிறது, எவ்வளவு காலம் வைத்திருக்கும், யாருக்குக் கொடுக்கும் என்பதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். இலங்கையின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இத்தகைய உடலடையாளத் தரவைச் சிறப்புப் பாதுகாப்புக்குரிய வகையில் சேர்த்திருக்கிறது. ஆனால் அச்சட்டத்தின் முக்கிய பகுதிகள் நடைமுறைக்கு வருவது 2025இல் தள்ளிப்போடப்பட்டது.