சூரியனுக்கு முதுகு காட்டி நில்லுங்கள்

மாலையில் கொடிமலைக்குக் கூட்டிப் போங்கள் என்று என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் சூரியன் மறைவதைப் பார்க்கத்தான் வருகிறார்கள். மலையுச்சி என்றால் அந்தி, அந்தி என்றால் கடலுக்குள் செக்கச் செவேலென்று இறங்கும் சூரியன் என்று மனத்தில் ஏற்கெனவே ஒரு படம் இருக்கும். பினாங்கின் இந்த மலையில் அந்தப் படம் கிடைக்காது. ஜார்ஜ் டவுன் தீவின் கிழக்குக் கரையில் இருக்கிறது. மலை அதற்கு மேற்கே. ஊரைப் பார்த்து நின்றால் சூரியன் உங்கள் முதுகுப் பக்கம், காட்டுக்கும் மேற்கு முகட்டுக்கும் பின்னால் மறையும். இதை அடிவாரத்திலேயே சொல்லிவிடுவேன். சிலருக்கு முகம் வாடிவிடும். “அப்போ எதுக்கு டீச்சர் மாலையில ஏறணும்?” என்று கேட்பார்கள்.

மலையின் நிழலைப் பார்க்கத்தான். அந்த நிழல் ஊரின்மேல் நகர்ந்து போவதையும், அதன் பின்னாலேயே விளக்குகள் எழுவதையும் பார்க்கத்தான்.

நான் ஆயர் ஈத்தாமில் பிறந்து வளர்ந்தவள். வகுப்பறையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, வெளியூரிலிருந்து வரும் சொந்தக்காரர்களையும் பழைய மாணவர்களையும் அவர்கள் அழைத்து வரும் நண்பர்களையும் மலைக்குக் கூட்டிப் போவது பழக்கமாகிவிட்டது. நடந்து ஏறுவோம், மலை ரயிலில் இறங்குவோம். இந்த வரிசையை மாற்றக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். ஏறும்போது வெளிச்சம் வேண்டும். இறங்கும்போது முழங்காலுக்கு ஓய்வு வேண்டும். இருட்டிய பிறகு செங்குத்துச் சாலையில் நடந்து இறங்குவது வயதானவர்களுக்கு மட்டுமல்ல, இளைஞர்களுக்கும் நல்லதல்ல.

முதலில் பேருந்து விஷயம். ஏறத் தொடங்கும் இடம் தாவரவியல் பூங்கா வாசல். ரயில் கொண்டுவந்து விடும் இடம் ஆயர் ஈத்தாம். இரண்டும் மலையின் வேறுவேறு பக்கங்கள். காரைப் பூங்கா வாசலில் நிறுத்திவிட்டு ஏறினால், இரவில் களைத்த காலோடு அதைத் தேடி ஊரைச் சுற்றி வர வேண்டும். அதனால் பூங்காவுக்குப் போகும் 10-ஆம் எண் பேருந்தில் வாருங்கள். இறங்கிய பிறகு ஆயர் ஈத்தாம் ரயில் நிலையத்திலிருந்து 204-ஆம் எண் பேருந்து ஊருக்குள், கொம்தார் கோபுரத்துப் பக்கம் போகும்.

மாலை நாலு மணிக்குப் பூங்கா வாசலில் கூடுவோம். அந்த நேரத்துக்குக் காரணம் உண்டு. மலேசியத் தீபகற்பத்தின் கடிகாரம் 1982 ஜனவரி 1 அன்று அரை மணி நேரம் முன்னே தள்ளப்பட்டது. அதனால் இங்கே சூரியன் மறைய நவம்பரில் ஏழு மணி ஆகிவிடும். ஜூலையில் ஏழரையும் தாண்டும். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் ஆறு மணிக்கே இருட்டிவிடும் என்று பரபரப்பார்கள். அவசரப்பட வேண்டாம். நாலு மணிக்குக் கிளம்பினால், நிதானமாக நடக்கிறவர்களும் ஏழு மணிக்கு முன்னால் மேலே இருப்பார்கள்.

பூங்கா 1884-இல் சார்லஸ் கர்ட்டிஸ் என்பவரின் பொறுப்பில் உருவானது. அதற்கும் முன்பே இந்தப் பள்ளத்தாக்கின் அருவித் தண்ணீரைத் துறைமுகத்துக்கு வரும் கப்பல்கள் நிரப்பிக்கொண்டு போயின. நம்மவர்கள் இந்தப் பக்கம் முழுவதையும் தண்ணீர்மலை என்றே சொல்கிறோம். பூங்காவுக்கு வரும் சாலையில்தான் நகரத்தார் தண்டாயுதபாணி கோயிலும், 2012-இல் குடமுழுக்குக் கண்ட, 513 படிகள் ஏறிப் போகிற பாலதண்டாயுதபாணி கோயிலும் இருக்கின்றன. தைப்பூசத்தை ஒட்டி அந்தச் சாலையில் கால் வைக்க இடம் இருக்காது. அந்த நாட்களில் மலையேற்றத்தைத் தள்ளிப் போடுங்கள்.

வாசலருகே நாகலிங்க மரங்களை நின்று பார்க்காமல் யாரையும் நகர விடமாட்டேன். அடிமரத்திலேயே கயிறு கயிறாகக் காம்புகள் தொங்கும். இதழ் சதைப்பற்றானது, வெளிப்பக்கம் மங்கிய மஞ்சள், உள்ளே சிவப்பு. நடுவில் ஒரு பக்கமாக வளைந்து குடை பிடிக்கும் மகரந்தக் கற்றை, அதன் அடியில் லிங்கம் போன்ற சிறு மேடு. பக்கத்திலேயே பீரங்கிக் குண்டு அளவில் பழுப்பு நிறக் காய். காய்க்கு நேர் கீழே நிற்கக் கூடாது. தென்னமெரிக்காவிலிருந்து வந்த மரம் இது. நம் ஊர்ச் சிவன் கோயில்களில் பார்த்துப் பழகியவர்கள் இதைச் சொன்னால் நம்பத் தயங்குவார்கள்.

பூங்காக் குரங்குகளைப் பற்றி ஒரு வார்த்தை. நெகிழிப் பை சரசரத்தாலே அவற்றுக்குச் சாப்பாடு என்று தெரியும், கையிலிருந்து பறித்துவிடும். பழத்தையும் ரொட்டியையும் முதுகுப் பையில் வைத்து மூடுங்கள். அவற்றுக்குத் தீனி போடுவது குற்றம்; அபராதம் உண்டு. மேலே ஏறிய பிறகு வேறொரு குரங்கு தென்படும். சாம்பல் கறுப்பு உடம்பு, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம், இலை தின்னும் சாது. அது உங்கள் பையைத் திரும்பியும் பார்க்காது. சத்தம் போடாமல் நின்றால் வெகுநேரம் பார்க்கலாம்.

மலைக்கு ஏற வழிகள் பல. நிலா வாசல் என்கிற வட்ட வளைவிலிருந்து காட்டுக்குள் போகும் படிப்பாதை அழகானது. ஆனால் காலைக்கு உரியது. மாலையில் மரத்தடி சீக்கிரம் இருண்டுவிடும். வேரும் ஈரக் கல்லும் கண்ணில் படாது. மழைக்குப் பிறகு அட்டை ஏறும். ஆகவே நான் தேர்ந்தெடுப்பது ஜீப் பாதை. பூங்கா வாசலிலிருந்து உச்சிவரை சுமார் 5 கிலோமீட்டர். தார் போட்டது, குறுகலானது. தூரத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். இந்த 5 கிலோமீட்டருக்குள் கிட்டத்தட்ட 700 மீட்டர் உயரம் ஏறுகிறோம். சில வளைவுகளில் குதிகால் தரையில் பதியாது. நேராக ஏறாமல், சாலையின் அகலம் முழுவதையும் பயன்படுத்திக் குறுக்கும் நெடுக்குமாக நடந்தால் கெண்டைக்கால் பிழைக்கும். மேலே குடியிருப்பவர்களின் ஜீப்புகள் வரும். சத்தம் கேட்டதும் எல்லாரும் ஒரே ஓரத்துக்கு ஒதுங்க வேண்டும், ஆளுக்கொரு பக்கம் ஓடக் கூடாது.

2017 நவம்பர் மழையில் இந்த மலை பல இடங்களில் சரிந்து ஜீப் பாதையும் ரயிலும் நின்றுபோயின. இப்போது பூங்காப் பக்கத்திலிருந்து கேபிள் கார் வேலையும் நடக்கிறது. ஆகவே பாதை திறந்திருக்கிறதா என்று அன்றைய தினமே விசாரித்துவிட்டுக் கிளம்புவது நல்லது.

பாதி வழியில் 84 என்று எல்லாரும் சொல்கிற ஓய்வுக் கூடம் வரும். காலையில் ஏறும் சீனப் பெரியவர்களின் கூட்டத்தில் அந்த இடம் கலகலப்பாக இருக்கும், தேநீரும் கிடைக்கும். மாலையில் தேநீரை நம்பிப் போகாதீர்கள். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் கையில் இருக்கட்டும். 84-இல் கால்மணி நேரம் உட்கார்ந்து யாருக்கு மூச்சு எப்படி இருக்கிறது என்று பார்ப்பேன். திரும்புவதானால் அங்கேயே திரும்பிவிட வேண்டும். இன்னும் வெளிச்சம் இருக்கும்.

அதற்கு மேலே காற்று மாறும். உச்சியில் ஊரைவிட ஐந்து பாகை அளவுக்குக் குளிர்ச்சி. ஆறு மணியை ஒட்டி ஒரு பெரிய சில்வண்டு கத்தத் தொடங்கும். உள்ளூரில் அதை ஆறு மணி வண்டு என்றே சொல்வார்கள். முதன்முறை கேட்கிறவர்கள் ஏதோ இயந்திரம் ஓடுகிறது என்று நினைத்துக்கொள்வார்கள். ஒன்று தொடங்கினால் பள்ளத்தாக்கின் மறுபக்கத்தில் இன்னொன்று எடுத்துக்கொள்ளும். அந்தச் சத்தத்தில் பேச முடியாது, பேசவும் வேண்டாம்.

இந்த மலைமேல் முதலில் வழி வெட்டியது 1786-இல் தீவுக்கு வந்த பிரான்சிஸ் லைட் காலத்தில். வெயில் தாங்காத வெள்ளைக்கார அதிகாரிகள் மேலே பங்களா கட்டினார்கள். வரும் கப்பல்களைப் பற்றித் துறைமுகத்துக்குக் கொடி காட்டிச் சொல்ல ஒரு கம்பம் நட்டார்கள். அவர்கள் குதிரையிலோ டோலியிலோ ஏறினார்கள். டோலியைத் தோளில் தூக்கி ஏறியவர்களின் பெயர் எந்தப் பங்களாச் சுவரிலும் இல்லை. மூச்சு வாங்கி நிற்கும்போது என்னோடு வரும் பிள்ளைகளிடம் இதைச் சொல்வேன். நாம் ஒரு தண்ணீர்ப் புட்டியோடு ஏறும் சரிவில் அவர்கள் ஒரு மனிதரையே சுமந்து ஏறினார்கள்.

உச்சிக்கு வந்ததும் கிழக்கு ஓரக் கம்பித் தடுப்பருகே இடம் பிடியுங்கள். சூரியன் மறைய இருபது, இருபத்தைந்து நிமிடம் இருக்கும்போதே மலையின் நிழல் ஊருக்குள் நுழைந்துவிடும். முதலில் அடிவாரத்து ஆயர் ஈத்தாம் வீடுகள் மங்கும். ஊரிலேயே நெட்டையாக நிற்கிற கொம்தார் கோபுரத்தை அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். 1986-இல் கட்டி முடித்த 65 மாடிக் கட்டடம். தெருக்கள் நிழலுக்குள் போன பிறகும் அதன் தலையில் வெயில் இருக்கும். அப்புறம் அதுவும் அணையும். நிழல் கடலைத் தொட்டு, நீரிணையைக் கடந்து, பட்டர்வொர்த் துறைமுகப் பாரந்தூக்கிகளின்மேல் ஏறும். எதிர்க்கரையில் புக்கிட் மெர்தாஜாம் மலையின் முகடு மட்டும் கடைசிவரை மஞ்சளாக நிற்கும்.

இந்த நேரத்தில் இடப் பக்கம், வடக்கே திரும்பிப் பாருங்கள். பிற்பகலில் மழை பெய்து ஓய்ந்த நாளானால் தொலைவில் தனியாக ஒரு நீல மலை தெரியும். குனுங் ஜெராய், 1217 மீட்டர். அதன் அடிவாரம்தான் பூஜாங் பள்ளத்தாக்கு. பழைய கோயில்களின் அடித்தளங்கள் மண்ணுக்குள்ளிருந்து எடுக்கப்பட்ட இடம். கடலோடிகளுக்கு அந்த மலைதான் கரை அடையாளம். 1025-இல் இராசேந்திர சோழனின் கப்பற்படை தாக்கிய கடாரம் இந்தக் கெடா நாடுதான் என்பது வரலாற்றாசிரியர்கள் பலரின் முடிவு. பாடப் புத்தகத்தில் ஒற்றை வரியாகப் படித்தது கண்ணுக்கு எதிரே மலையாக நிற்கும்போது, என்னோடு வரும் பிள்ளைகள் கேள்விமேல் கேள்வி கேட்பார்கள். அதற்காகவே மழை நாட்களை நான் ஒதுக்குவதில்லை. மூடுபனி வந்து எல்லாவற்றையும் மறைத்துவிடுவதும் உண்டு; பத்து நிமிடம் பொறுத்தால் பெரும்பாலும் கிழிந்து வழி விடும்.

பிறகு விளக்குகள். துறைமுகத்தில் முதலில். அடுத்து வலப் பக்கம், 1985-இல் திறந்த பினாங்குப் பாலம். பதின்மூன்றரை கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு கோடு கடலின்மேல் தன்னைத் தானே வரைந்துகொள்ளும். அதற்கும் தெற்கே, 2014-இல் வந்த 24 கிலோமீட்டர் இரண்டாம் பாலம் மெல்லிய கீற்றாகத் தெரியும். கொம்தாருக்கு அப்பால், கடலோரத்தில் கட்டடங்கள் தாழ்ந்து விளக்கு மங்கலாக இருக்கும் பகுதிதான் 2008-இல் யுனெஸ்கோ பாரம்பரியத் தகுதி பெற்ற பழைய நகரம். குவீன் தெரு மாரியம்மன் கோயிலும், தமிழ் முஸ்லிம் வணிகர் காதர் மொகிதீன் எழுப்பிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும் அங்கேதான். பகலில் எல்லாம் ஒரே கூரைக் காடாகத் தெரியும் ஊர், இந்த நேரத்தில்தான் தெருத் தெருவாகப் பிரிந்து நிற்கும். எது பழசு, எது கடலைத் தூர்த்துக் கட்டியது என்று விளக்கை வைத்தே சொல்லிவிடலாம்.

கைப்பேசியின் வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். படம் எடுப்பதானால் மின்னொளி இல்லாமல் எடுங்கள். தடுப்பின்மேல் கைப்பேசியைச் சாய்த்து ஆடாமல் வைத்தால் போதும். கண் இருட்டுக்குப் பழகக் கால்மணி நேரத்துக்கு மேல் ஆகும். திரையைப் பார்த்துப் பார்த்து நிமிர்கிறவர்களுக்குப் பாதி விளக்கு தெரியாமலே போகும்.

கொஞ்சம் உள்ளே தள்ளி அருளொளித் திருமுருகன் கோயிலும் அதன் பக்கத்திலேயே ஒரு பள்ளிவாசலும் இருக்கின்றன. மஃரிபு பாங்கும் கோயில் மணியும் அடுத்தடுத்துக் கேட்கிற மாலைகள் உண்டு. நடந்து வந்தவர்கள் வியர்வைச் சட்டையை மாற்றிக்கொள்ள இதுவே நேரம். ஈரச் சட்டையோடு காற்றில் நின்றால் மறுநாள் காய்ச்சல்.

இறங்குவதற்கான ஒருவழிச் சீட்டையும் கடைசி ரயிலின் நேரத்தையும் மேலே வந்தவுடனேயே பார்த்துவிடுங்கள். சனி, ஞாயிறுகளிலும் பள்ளி விடுமுறையிலும் வரிசை ஒரு மணி நேரம்கூட நீளும். இந்த ரயில் 1923 அக்டோபரில் ஓடத் தொடங்கியது. நான் சிறுமியாக இருந்தபோது பாதி வழியில் இறங்கி வேறு பெட்டிக்கு மாற வேண்டும். போய்ச்சேர அரை மணி நேரம் ஆகும். 2011-இல் வந்த புதிய வண்டி மாறாமல், பத்து நிமிடத்துக்குள் இறக்கிவிடுகிறது. பெட்டி படிப்படியாகச் சரிந்திருக்கும். கீழ்க்கோடி அறைக்குப் போய் முன் கண்ணாடியருகே நில்லுங்கள். ஊரின் விளக்குகள் நேராக உங்களை நோக்கி ஏறி வருவதைப் பார்க்கலாம். சீனப் புத்தாண்டை ஒட்டி வந்தால், அடிவாரத்தில் கெக் லோக் சி கோயில் முழுவதும் விளக்கு ஏற்றியிருப்பார்கள்.

நடக்க முடியாதவர்கள் ஆறு மணி ரயிலில் ஏறி வந்து அதே தடுப்பருகே எங்களோடு சேர்ந்துகொள்ளலாம். என் அக்கா அப்படித்தான் வருகிறார், ஒரு போர்வையும் குடுவை நிறைய இஞ்சித் தேநீரும் எடுத்துக்கொண்டு.