பால் குடிக்கும்போது நெற்றி வேர்க்கிறதா?

கைக்குழந்தை வீறிட்டு அழுதால் நம் வீடுகளில் காரணத்துக்குப் பஞ்சமே இல்லை. "வயித்து வலியா இருக்கும், ஓம வாட்டர் குடு" என்பார் ஒருவர். "யார் கண்ணு பட்டுச்சோ, மிளகாய் சுத்திப் போடு" என்பார் இன்னொருவர். பெரும்பாலும் அழுகை தானாகவே அடங்கிவிடும். ஆனால் மிக அபூர்வமாகச் சில குழந்தைகளின் அழுகைக்குக் காரணம் இதயத்தில் இருக்கும். அதைக் கண்டுபிடிக்க வலியில்லாத பரிசோதனை இருக்கிறது. அதற்கு முதல் துப்புக் கொடுப்பவள் தாய்தான்.

என் நாத்தனார் மகளின் குழந்தையை இரண்டு மாதம் வரை கொஞ்சாதவர் இல்லை. அவ்வளவு துறுதுறுப்பு. மூன்றாவது மாதம் எடை ஏறவில்லை. "அத்தை, அஞ்சு நிமிஷம் குடிக்கிறான், உடனே வாயை எடுத்துட்டு வீல்னு கத்தறான். ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தாலும் நெத்தியெல்லாம் வேர்த்துக் கொட்டுது" என்றாள். டாக்டரிடமும் இதையே சொன்னாள். அவர் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்தார், உடனே எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். இதயம் பெருத்திருந்தது. ஈ.சி.ஜி.யிலும் மாறுதல். அன்றே எக்கோ பரிசோதனைக்கு அனுப்பிவிட்டார்.

துணைக்கு நானும் போனேன். அரை இருட்டான அறை. குழந்தையின் மார்பில் ஜெல்லியைத் தடவி, சின்னக் கருவியை அங்குமிங்கும் நகர்த்தினார் இதய டாக்டர். ஊசி இல்லை, வலி இல்லை. திரையில் குட்டி இதயம் துடிப்பது தெரிந்தது.

"தசை பலவீனமா இருக்கு. ஆனா அதோட நிறுத்திடக் கூடாதும்மா. இந்தத் தசைக்கு ரத்தம் எங்கேயிருந்து வருதுன்னு பார்க்கணும்" என்றார். அரை மணி நேரம் பொறுமையாகத் தேடினார். கண்டுபிடித்தும் விட்டார்.

குழாய் இடம் மாறினால்...

இதயம் உடம்புக்கெல்லாம் ரத்தம் அனுப்புகிறது. அதன் தசைக்கும் ரத்தம் வேண்டுமே! அதைத் தரும் இரண்டு கரோனரி குழாய்களும் பிராண வாயு நிறைந்த பெருந்தமனியிலிருந்து கிளம்ப வேண்டும். இந்தக் குழந்தைக்கு இடது குழாய் நுரையீரல் தமனியிலிருந்து கிளம்பியிருந்தது. 'அல்காபா' என்று டாக்டர்கள் சுருக்கமாகச் சொல்லும் இந்தக் கோளாறு சுமார் மூன்று லட்சம் குழந்தைகளில் ஒன்றுக்குத்தான் வரும். 1933-ல் இதை விவரித்து எழுதிய பிளாண்ட், ஒயிட், கார்லண்ட் என்ற மூன்று அமெரிக்க டாக்டர்களின் பெயராலும் இது அழைக்கப்படுகிறது.

பிறந்தவுடன் ஏன் தெரிவதில்லை? அப்போது நுரையீரல் தமனியில் அழுத்தம் அதிகம். அதனால் இடது குழாய்க்கும் ஏதோ ரத்தம் போய்ச் சேரும். சில வாரங்களில் அழுத்தம் குறைந்ததும், ரத்தம் தசைக்குப் போகாமல் பின்னோக்கித் திரும்பிவிடும். தசை பட்டினி கிடக்கும். பால் குடிப்பதுதான் பச்சைக் குழந்தைக்குப் பெரிய உழைப்பு. மாடிப்படி ஏறும்போது பெரியவர்களுக்கு நெஞ்சு வலிப்பதில்லையா, அதுபோல இதற்கும் வலிக்கிறது. அதுதான் அந்த அழுகையும் வேர்வையும். உடம்பு நீலம் பாய்வதும் இல்லை. கர்ப்பத்தில் எடுக்கும் ஸ்கேனிலும் இது சாதாரணமாகப் பிடிபடாது.

விரிசல் பார்த்த கருவி

எக்கோவின் பிறப்பு ஒரு சுவாரஸ்யமான கதை. 1953-ல் ஸ்வீடனின் லூண்ட் நகரில் இங்கே எட்லர் என்ற டாக்டரும், ஹெல்முத் ஹெர்ட்ஸ் என்ற பௌதிக நிபுணரும், கப்பல் கட்டும் தளத்திலிருந்து ஒரு கருவியை இரவல் வாங்கினார்கள். உலோகத்தில் விரிசல் பார்க்கும் கருவி அது. பிறகு அதே வகைக் கருவியைக் கொண்டு இதயத்தின் அசைவைப் பதிவு செய்தார்கள். நம் காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி, திரும்பும் எதிரொலியைப் படமாக்குவதே இதன் தத்துவம். எக்ஸ்ரே கதிர் கிடையாது. அதனால் எத்தனை தடவை எடுத்தாலும் பயமில்லை.

திரையில் சிவப்பும் நீலமும் ஓடியதைப் பார்த்து, "நீலம் கெட்ட ரத்தமா டாக்டர்?" என்று கேட்டேன். "இல்லேம்மா. சிவப்பு கருவியை நோக்கி வர்றது, நீலம் விலகிப் போறது. இந்தக் குழாயிலே ரத்தம் தலைகீழாப் போகுது, அதை வச்சுத்தான் பிடிச்சேன்" என்றார். பிறகு சி.டி. ஸ்கேனிலும் அது உறுதியாயிற்று.

வெறும் தசை பலவீனம் என்று மருந்தோடு விட்டிருந்தால்? வைத்தியம் கிடைக்காவிட்டால் இந்தக் குழந்தைகளில் பெரும்பாலோர் முதல் பிறந்த நாளைக் காண்பதில்லை. ஆபரேஷன் செய்து குழாயைப் பெருந்தமனியோடு பொருத்திவிட்டால், தசை சில மாதங்களில் மெல்லத் தேறுகிறது. எங்கள் பிள்ளைக்கும் அப்படியே நடந்தது. இப்போது எக்கோவுக்குப் போனால் கருவியைத் தானே பிடித்து இழுக்கிறான்!

நீங்கள் கவனிக்க வேண்டியவை

வெயில் காலத்தில் எல்லாக் குழந்தைக்கும் வேர்க்கும். அதற்காகக் கலங்க வேண்டாம். கீழே உள்ளவை சேர்ந்து வந்தால் மட்டும் தாமதிக்காதீர்கள்.

* பால் குடிக்கும்போது நெற்றி குளிர்ந்து வேர்ப்பது, முகம் வெளிறுவது.

* கொஞ்சம் குடித்ததும் களைத்து விடுவது, மூச்சு வாங்குவது, வீறிட்டு அழுவது.

* எடை ஏறாமல் நிற்பது.

* தூங்கும்போதும் வேகமான மூச்சு. கடிகாரத்தை வைத்து ஒரு முழு நிமிஷம் எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குள் 60-க்கு மேலும், அதன்பின் ஒரு வயது வரை 50-க்கு மேலும் இருந்தால் அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

* உதடு, நாக்கு நீலம் பாய்ந்தால் ஒரு நிமிஷம்கூட வீட்டில் வைத்திருக்காதீர்கள்.

டாக்டரிடம் "எப்பப் பாத்தாலும் அழறான்" என்று பொதுவாகச் சொல்லாமல், எப்போது அழுகிறான், எத்தனை நிமிஷம் குடிக்கிறான், எங்கே வேர்க்கிறது, போன மாதம் எடை என்ன என்று சொல்லுங்கள். முடிந்தால் பால் குடிக்கும்போது செல்போனில் படம் பிடித்துக் காட்டுங்கள். எக்கோவுக்குப் போகும்போது முன்னால் கழற்றும் சட்டை போட்டு, ஒரு போர்வையும் கிலுகிலுப்பையும் எடுத்துப் போங்கள். குழந்தை அசையாமல் இருந்தால்தான் படம் தெளிவாக வரும். தூங்க மருந்து கொடுப்பதாக இருந்தால், எப்போது பால் தரலாம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

எத்தனை நவீனக் கருவி வந்தாலும், அது பார்ப்பது டாக்டர் அனுப்பி வைத்த குழந்தையைத்தான். டாக்டர் அனுப்புவதோ, தாய் பார்த்துச் சொன்னதை வைத்துத்தான். "புதுசாப் பிள்ளை பெத்தவ, எதுக்கெடுத்தாலும் பயப்படறா" என்று யாராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். உங்கள் கண்ணில் பட்டதை நீங்கள் சொல்லிவிடுங்கள்.