பேடிங்டன் 3: கரடி சொந்த ஊருக்குப் போயிருச்சு... மேஜிக் லண்டன்லயே தங்கிருச்சா?

2021-ம் ஆண்டு இணையத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. விமர்சனங்களைத் திரட்டி மதிப்பெண் போடும் ‘ராட்டன் டொமேட்டோஸ்’ தளத்தில், ‘சிட்டிஸன் கேன்’ படத்தைக் குறைசொல்லி 80 ஆண்டுகளுக்கு முன்பு வந்த பத்திரிகை விமர்சனம் ஒன்று புதிதாகச் சேர்க்கப்பட்டது. அவ்வளவுதான். உலக சினிமாவின் உச்சம் என்று பாடப்புத்தகங்கள் சொல்லும் அந்த 1941-ம் ஆண்டு படம் 100 சதவீதத்திலிருந்து 99-க்கு இறங்கியது. அந்த நேரத்தில் 100-ல் கெத்தாக உட்கார்ந்திருந்த படங்களில் ஒன்று, சிவப்புத் தொப்பி போட்ட ஒரு கரடிக்குட்டியின் படம். பெயர் ‘பேடிங்டன் 2’. பிறகு அதற்கும் ஒருவர் நெகட்டிவ் விமர்சனம் எழுதி 99-க்கு இறக்கினார். அது தனிக்கதை.

இப்படி ஒரு படத்துக்கு அடுத்த பாகம் எடுப்பது லேசுப்பட்ட வேலையா? அந்தச் சுமையைத் தூக்கிக்கொண்டு வந்த படம்தான் ‘பேடிங்டன் இன் பெரு’. பிரிட்டனில் 2024 நவம்பரிலும், அமெரிக்காவில் 2025 பிப்ரவரியிலும் ரிலீஸ் ஆனது. முந்தைய பாகத்துக்கு ஈடுகொடுத்ததா, இல்லையா? கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

(ஸ்பாய்லர் அலர்ட்: மூன்று படங்களின் கதையும் முடிவும் இதில் வருகின்றன.)

முதலில், யார் இந்த பேடிங்டன்?

பிரிட்டிஷ் எழுத்தாளர் மைக்கேல் பாண்ட் 1958-ல் எழுதிய சிறுவர் நாவலில் பிறந்தவன். பெருவின் அடர்ந்த காட்டிலிருந்து கப்பலில் ஒளிந்து லண்டன் வருகிறான். பேடிங்டன் ரயில் நிலையத்தில் பிரவுன் குடும்பம் அவனைக் கண்டெடுக்கிறது. நிலையத்தின் பெயரே அவன் பெயராகிறது. கழுத்தில் ஒரு அட்டை. இந்தக் கரடியைத் தயவுசெய்து பார்த்துக்கொள்ளுங்கள் என்ற பொருளில் அதில் எழுதியிருக்கும்.

அந்த அட்டை சும்மா வந்ததில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் குண்டுவீச்சுக்குப் பயந்து பிரிட்டன் நகரங்களிலிருந்து குழந்தைகளைக் கிராமங்களுக்கு அனுப்பினார்கள். கழுத்தில் பெயர் அட்டை, கையில் ஒரு சின்னப் பெட்டி. அந்தக் காட்சிதான் பாண்டின் மனதில் இருந்தது. கதையில் பேடிங்டனின் நண்பராக வரும் பழம்பொருள் கடைக்காரர் க்ரூபரும் ஹங்கேரியிலிருந்து வந்தவர். நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த தன்னுடைய இலக்கிய ஏஜென்ட்டை மனதில் வைத்து அவரை உருவாக்கியதாக பாண்ட் சொல்லியிருக்கிறார்.

ஆக, இது ஜாலியான கரடிக் கதை மட்டும் கிடையாது. ஊரை விட்டு வந்த ஒருவருக்கு இன்னொரு ஊர் இடம் கொடுக்குமா என்ற கேள்வி ஆரம்பத்திலிருந்தே இதற்குள் இருக்கிறது. 2014-ல் பால் கிங் இயக்கிய முதல் படம் அந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டது.

2-ம் பாகத்தை ஏன் இப்படிக் கொண்டாடுகிறார்கள்?

2017-ல் வந்த இரண்டாம் பாகத்தின் கதையை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். தன்னை வளர்த்த லூசி அத்தையின் 100-வது பிறந்தநாளுக்கு ஒரு பழைய படப்புத்தகம் வாங்க பேடிங்டன் காசு சேர்க்கிறான். அந்தப் புத்தகம் திருடுபோக, பழி அவன் மேல் விழுந்து ஜெயிலுக்குப் போகிறான்.

இந்தச் சின்னக் கதையை வைத்துக்கொண்டு பால் கிங்கும் உடன் எழுதிய சைமன் ஃபார்னபியும் செய்த வேலையைக் கவனிக்கணும். படத்தின் முதல் அரை மணி நேரத்தில் சொன்ன ஒவ்வொரு சின்ன விஷயமும் கிளைமாக்ஸில் திரும்பி வரும். மிஸ்டர் பிரவுன் நடுவயதில் யோகா மாதிரி ஏதோ உடற்பயிற்சி செய்து காமெடி பண்ணுவார். கடைசியில் ஓடும் இரண்டு ரயில்களுக்கு நடுவே கால்களை அகட்டி நிற்க அது கைகொடுக்கும். மிஸஸ் பிரவுன் நீச்சல் பயிற்சி எடுப்பார். தண்ணீருக்குள் மூழ்கும் பேடிங்டனைத் தேடிக் குதிப்பவர் அவர்தான். நீராவி ரயில் பைத்தியம் என்று வெளியே சொல்ல வெட்கப்படும் மகன், கடைசியில் ரயிலையே ஓட்டுவான். ஒரு விதைகூட வீணாகவில்லை.

அதைவிட முக்கியமான விஷயம், அந்தத் தெரு. காலையில் பேடிங்டன் வெளியே கிளம்பினால், சாவியை மறந்துவிட்டுக் கதவைச் சாத்தப்போகும் டாக்டருக்கு ஞாபகப்படுத்துவான். டாக்ஸி டிரைவர் தேர்வுக்குப் படிக்கும் குப்பை வண்டிக்காரரிடம் தெருப் பெயர்களைக் கேள்வி கேட்டுப் பயிற்சி கொடுப்பான். வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடக்கும் முன்னாள் ராணுவ அதிகாரியின் ஜன்னலைத் துடைப்பான். உள்ளே வெளிச்சம் வரும். அவன் ஜெயிலுக்குப் போனதும் அந்தத் தெருவே தடுமாறும்.

ஜெயிலிலும் அதே கதைதான். எல்லோரும் நடுங்கும் சமையல்காரர் நக்கிள்ஸுக்கு (பிரெண்டன் க்ளீசன்) ஒரு மார்மலேட் சாண்ட்விச்சைக் கொடுப்பான். ஆரஞ்சுத் தோல் போட்டுக் காய்ச்சும் ஜாம்தான் மார்மலேட். கொஞ்ச நாளில் ஜெயில் மெஸ்ஸே பேக்கரி மாதிரி ஆகிவிடும். கைதிகள் தங்களுக்குத் தெரிந்த இனிப்புகளைச் சொல்ல ஆரம்பிப்பார்கள்.

இதுதான் அந்தப் படத்தின் ஃபார்முலா. பேடிங்டன் மாறமாட்டான். அவன் பக்கத்தில் நிற்பவர்கள் மாறுவார்கள். அவன் செய்த நல்லதெல்லாம் கடைசிக் காட்சியில், வீட்டு வாசலில், ஒரே நேரத்தில் அவனிடம் திரும்பி வரும். லூசி அத்தையை அந்தத் தெருக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து லண்டனுக்கு வரவைத்திருப்பார்கள். கல்நெஞ்சக்காரர்களும் கண்ணைத் துடைக்கும் இடம் அது.

வில்லனாக, மார்க்கெட் போன நடிகர் வேடத்தில் ஹ்யூ கிராண்ட் அடித்த சிக்ஸர் தனி. பாஃப்டா விருதுக்கு மூன்று பிரிவுகளில் படம் பரிந்துரைக்கப்பட்டது. அதில் ஒன்று அவருக்கு. மைக்கேல் பாண்ட் 2017 ஜூனில், இந்தப் படத்தின் படப்பிடிப்பு முடியும் தறுவாயில் காலமானார். படம் அவருக்குத்தான் சமர்ப்பணம்.

3-ம் பாகத்தில் என்னென்ன மாறியது?

நிறைய. இயக்குநர் பால் கிங் ‘வோங்கா’ படத்துக்குப் போய்விட்டார். கதை உருவாக்கத்தில் மட்டும் அவருக்கும் ஃபார்னபிக்கும் பங்கு உண்டு. திரைக்கதை வேறு குழு. இயக்கம் டூகல் வில்சன். பிரிட்டனில் பேர் வாங்கிய விளம்பரப் பட இயக்குநர். இது அவருடைய முதல் சினிமா. மிஸஸ் பிரவுனாக நடித்த சாலி ஹாக்கின்ஸுக்குப் பதிலாக எமிலி மார்டிமர். பேடிங்டனின் குரல் மட்டும் அதே பென் விஷா.

கதைக்களமும் லண்டனிலிருந்து பெருவுக்குத் தாவுகிறது. பெருவில் வயதான கரடிகளுக்கான இல்லத்திலிருந்து, லூசி அத்தை பேடிங்டனை நினைத்து ஏங்குவதாகக் கடிதம் வருகிறது. குடும்பத்தோடு கிளம்பிப் போனால், அத்தையைக் காணோம். இல்லத்தை நடத்தும் மதர் (ஒலிவியா கோல்மன்) சிரிக்கும் சிரிப்பே சரியில்லை. தேடிப் போக ஒரு படகு. அதை ஓட்ட, தங்கத்தின் மேல் வெறி பிடித்த பரம்பரையில் வந்த கேப்டன் (ஆன்டோனியோ பாண்டரஸ்). பிறகு அமேசான் நதி, இன்கா இடிபாடுகள், எல் டொராடோ என்ற தங்க நகரம்.

சுருக்கமாகச் சொன்னால், பக்கத்து வீட்டுக் கதையாக இருந்தது புதையல் வேட்டையாக மாறியிருக்கிறது.

எங்கே சறுக்கியது?

முதல் சறுக்கல், ஃபார்முலாவிலேயே. காட்டுக்குள் போனதும் பேடிங்டனைச் சுற்றி மனிதர்களே குறைந்துவிடுகிறார்கள். யாருக்கு அவன் ஜன்னல் துடைப்பான்? யாருக்குச் சாவியை ஞாபகப்படுத்துவான்? முந்தைய படத்தில் ஊரையே மாற்றியவன், இதில் பெரும்பாலும் துப்பு தேடி ஓடுகிறான், விழுகிறான், தப்பிக்கிறான். கேப்டன் கடைசியில் திருந்துவதும் தன் மகளுக்காகத்தான், பேடிங்டனால் இல்லை.

இரண்டாவது, பிரவுன் குடும்பம். ரிஸ்க் என்றாலே ஓடும் இன்சூரன்ஸ்காரரான மிஸ்டர் பிரவுனை, புது மேலதிகாரி துணிந்து இறங்கச் சொல்கிறார். பிள்ளைகள் வளர்ந்து ஆளுக்கொரு அறையில் முடங்குவதைப் பார்த்து மிஸஸ் பிரவுன் வருந்துகிறார். மகள் கல்லூரிக்குப் போகும் வயது. நல்ல ஆரம்பம்தான். விதை போட்டிருக்கிறார்கள், அறுவடையும் செய்கிறார்கள். ஆனா அந்த ரயில் காட்சி மாதிரி ‘அட!’ என்று நிமிர வைக்கும் இடம் இதில் இல்லை.

மூன்றாவதுதான் கொஞ்சம் உறுத்துகிறது. படத்தின் பெயரிலேயே பெரு இருக்கிறது. ஆனால் முக்கிய வேடங்களில் பெருவின் மனிதர்கள் எங்கே? பாண்டரஸும் அவருடைய மகளாக வரும் கார்லா டோஸும் ஸ்பெயின்காரர்கள். கோல்மன் இங்கிலாந்து. லண்டனில் ஒரு தெருவில் இருந்த அத்தனை பேருக்கும் ஆளுக்கொரு வாழ்க்கையைக் கொடுத்த படவரிசை இது. பெருவுக்கு மலையும் நதியும் சிலந்தியும் மட்டும் போதும் என்று நினைத்துவிட்டது. லண்டனுக்கு வந்த வெளியூர்க்காரனின் கண்ணோடு தொடங்கிய கதை, அவனுடைய சொந்த ஊரை ஒரு சுற்றுலாப் பயணியின் கண்ணோடு பார்க்கிறது.

அப்போ ஜெயித்த இடமே இல்லையா?

இருக்கிறது. படத்தின் இரண்டு முனைகளில்.

தொடக்கத்தில் பேடிங்டனுக்கு பிரிட்டிஷ் பாஸ்போர்ட் கிடைக்கிறது. போட்டோ எடுக்கும் பெட்டிக்குள் அவன் படும் பாடு, பழைய பேடிங்டன் காமெடி. (நிஜத்திலும் ஒரு சுவாரஸ்யம்: ஷூட்டிங்குக்காக படக்குழு மாதிரி பாஸ்போர்ட் கேட்க, பிரிட்டன் உள்துறை அலுவலகம் பேடிங்டன் பெயரிலேயே ஒன்று தந்துவிட்டது என்று படத்தின் இணைத் தயாரிப்பாளர் பேட்டியில் சொன்னார்.) கழுத்தில் அட்டையோடு வந்தவன், கையில் பாஸ்போர்ட்டோடு நிற்கிறான்.

முடிவில் எல் டொராடோ கிடைக்கிறது. அங்கே தங்கம் இல்லை. ஆரஞ்சுத் தோட்டம் இருக்கிறது, அங்கே கரடிகள் இருக்கின்றன. குட்டியாக ஆற்றில் அடித்துச் செல்லப்பட்ட பேடிங்டனின் சொந்தக் கூட்டம் அது. இப்போது பிரவுன் குடும்பத்துக்கு ஒரு பயம் வருகிறது: இவன் இங்கேயே தங்கிவிடுவானோ?

முதல் படத்தின் கேள்வி, வந்தவனுக்கு இடம் உண்டா என்பது. இரண்டாவது, வந்தவனைச் சந்தேகப்பட்டால் என்ன ஆகும் என்பது. மூன்றாவது கேட்பது இரண்டையும் விடப் பெரியது: வேர் ஒரு ஊரிலும் வீடு இன்னொரு ஊரிலும் இருந்தால், நான் எந்த ஊர்க்காரன்? லண்டனிலும் டொரன்டோவிலும் பிள்ளைகளை வளர்க்கும் ஈழத்தமிழ்க் குடும்பங்களில் யாரைக் கேட்டாலும் இந்தக் கேள்வியின் கனம் சொல்வார்கள். பாஸ்போர்ட் இருப்பது ஒன்று, ஊர் இருப்பது ஒன்று.

பேடிங்டன் லண்டனுக்கே திரும்புகிறான். தன் கூட்டத்தை உதறிவிட்டும் போகவில்லை. அவனைத் தடுக்காமல் அனுப்பிவைக்கும் லூசி அத்தையின் முகம், மூன்று படங்களிலும் மறக்க முடியாத காட்சிகளில் ஒன்று. பிரச்சினை என்னவென்றால், பாஸ்போர்ட்டுக்கும் இந்த முடிவுக்கும் நடுவே இருப்பது ஒரு நீண்ட புதையல் வேட்டை. கைக்குக் கிடைத்த பெரிய கேள்விக்கு, படம் கடைசிச் சில நிமிடங்களை மட்டுமே ஒதுக்கியிருக்கிறது.

சரி, தீர்ப்பு என்ன?

2-ம் பாகத்துக்கு ஈடாகுமா? ஆகாது. அந்தத் திரைக்கதையின் நெசவும், ஹ்யூ கிராண்ட் மாதிரி ஒரு வில்லனும் இதில் இல்லை. கோல்மன் கிட்டாரோடு பாடி ஆடும்போது மட்டும் அந்தப் பழைய குறும்பு எட்டிப் பார்க்கிறது.

மோசமான படமா? அதுவும் கிடையாது. தனியாகப் பார்த்தால், சுமார் 1 மணி 45 நிமிடம் குழந்தைகளோடு உட்கார்ந்து சிரிக்கலாம். யாரையும் மட்டம் தட்டாத காமெடி. முதல் படத்தில் பேடிங்டனைப் பாடம் செய்ய அலையும் வில்லியும், இரண்டாவதில் அவன் நீருக்குள் மூழ்கும் காட்சியும், மூன்றாவதில் சிலந்தியும் ரொம்பச் சின்னக் குழந்தைகளைப் பயமுறுத்தலாம். பக்கத்தில் இருங்கள்.

வரிசை மாற்றாமல் பாருங்கள். கழுத்து அட்டையைப் பார்க்காதவருக்கு பாஸ்போர்ட் காட்சி வெறும் காமெடிதான். கிரெடிட்ஸ் ஓட ஆரம்பித்ததும் எழுந்துவிடாதீர்கள். பழைய ஆள் ஒருவர் ஜெயிலுக்குள் காத்திருக்கிறார்.