இரவில் வறளும் சேமக்கலம்

பண்டை உப்பு வணிகர் தம் வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிச் சென்றனர் என்பது புறநானூறு தரும் செய்தி. அதற்குச் 'சேம அச்சு' என்பது பெயர். மேடும் பள்ளமும் நிறைந்த வழியில் நேரக்கூடிய இடரை முன்னரே எண்ணிக் காத்து வைப்பது சேமம். அவ்வகையில், மின்னாற்றலைக் காத்து வைத்து வேண்டும்போது தரும் பேட்டரியைச் சேமக்கலம் என அழைப்பது மிகப் பொருத்தமே.

மாலையில் நன்கு இயங்கிய ஊர்தி, காலையில் சாவியைத் திருப்பினால் 'டக்' என்ற ஒலியோடு அடங்கிவிடுவதை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். விடியுமுன் ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய்கறி ஏற்றிச் செல்ல வேண்டிய வேனுக்கும், சுபுஹுத் தொழுகை முடித்துச் சவாரிக்குப் புறப்படும் வாடகைக் காருக்கும் இது ஒரு நாள் வருவாய் இழப்பாகும். உடனே புதிய பேட்டரி வாங்குவது பலரது வழக்கம். சில நாள்களில் அதுவும் வறண்டுவிடுவதுண்டு. 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற பூட்டுக்குரிய ஊர் நமது திண்டுக்கல். சன்னல் திறந்து கிடக்கும் வீட்டில் கதவுப் பூட்டை மட்டும் மாற்றிப் பயனில்லை என்பதை நமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காரணத்தைக் கண்டறிந்த பின்னரே பேட்டரியை மாற்றுவது பற்றி எண்ண வேண்டும். அதற்குரிய முறையை இங்குக் காண்போம்.

சேமக்கலத்தின் இயல்பு

காரீய-அமிலச் சேமக்கலத்தை 1859ஆம் ஆண்டு பிரெஞ்சு அறிஞர் கஸ்தோன் பிளாந்தே உருவாக்கினார். இன்றைய கார் பேட்டரியில் இத்தகைய 6 கலங்கள் தொடராக உள்ளன. மின்னாற்றல் வெளியேறும்போது இருவகைத் தகடுகளிலும் காரீய சல்பேட் படிகிறது. கந்தக அமிலம் நீர்த்துப் போகிறது. எஞ்சின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் மின்னூட்டி இம்மாற்றத்தைத் திருப்புகிறது. ஆனால் வறண்ட நிலையிலேயே பேட்டரியைப் பல நாள் விட்டுவைத்தால் சல்பேட் இறுகிவிடும். பின்னர் முழுமையாக மீளாது. எனவே வறட்சியை உடனே போக்குதல் வேண்டும்.

முழு மின்னூட்டம் பெற்று ஓய்விலிருக்கும் பேட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே சென்றால் பெரும்பகுதி தீர்ந்துவிட்டது எனக் கொள்ளலாம்.

ஒரு சிறு கணக்கு

சிறிய கார் ஒன்றில் 35 ஆம்பியர்-மணி பேட்டரி இருப்பதாகக் கொள்வோம். டிக்கியில் அணையாது விடப்பட்ட 5 வாட் விளக்கு ஏறத்தாழ 0.4 ஆம்பியர் இழுக்கும். 10 மணி நேரத்தில் செலவு 4 ஆம்பியர்-மணி மட்டுமே. நல்ல பேட்டரி இதைத் தாங்கிக் காலையில் எஞ்சினை இயக்கிவிடும். 2 ஆம்பியர் கசிந்தால் 20 ஆம்பியர்-மணி போய்விடும். எஞ்சின் இயங்குவது அரிது. ஆகவே, ஒரு சிறு விளக்கே ஓரிரவில் பேட்டரியை வறளச் செய்ததென்றால் அப்பேட்டரி முன்னரே நலிந்திருந்தது என்பதே பொருள். கடிகாரம் முதலியவற்றுக்கு 50 மில்லி ஆம்பியர் வரை செலவாவது இயல்பு.

ஓர் இரவுச் சோதனை

குறை மூன்று இடங்களில் இருக்கலாம்: பேட்டரி தாங்காமை, ஆல்டர்னேட்டர் ஊட்டாமை, ஊர்தியின் மின்சுற்றில் கசிவு.

முதலில் பேட்டரியை முழுமையாக மின்னூட்டி, சில மணி நேரம் ஓய்வளிக்க வேண்டும். பின்னர் எதிர்முனைக் கம்பியைக் கழற்றி, வோல்ட் அளவைக் குறித்துக்கொண்டு இரவு முழுதும் விட்டுவிடலாம். காலையில் அளவு மிகவும் தாழ்ந்திருந்தால் குற்றம் பேட்டரியினுடையது. குறையாது நின்றால் ஐயத்தை ஊர்தியின் பக்கம் திருப்ப வேண்டும். (மின்னணுக் கருவிகள் மிகுந்த புதிய ஊர்திகளில் கையேட்டைப் பார்த்த பின்னரே கம்பியைக் கழற்றுதல் நலம்.)

அடுத்து, கம்பியை மீண்டும் பூட்டி எஞ்சினை ஓடவிட்டுப் பேட்டரி முனைகளில் அளக்க வேண்டும். பெரும்பாலான ஊர்திகளில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்கும். 13க்குக் கீழே நின்றால் ஆல்டர்னேட்டர், அதன் பெல்ட், இணைப்புகள் ஆகியவற்றை ஆராய வேண்டும்.

கசிவைக் கண்டறிதல்

எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்து, கதவுகளை அடைத்தபின், எதிர்முனைக்கும் அதன் கம்பிக்கும் இடையே மல்டிமீட்டரை 10 ஆம்பியர் நிலையில் தொடராக இணைக்க வேண்டும். இந்நிலையில் எஞ்சினை இயக்கினால் மீட்டர் கெட்டுவிடும். புதிய ஊர்திகளின் மின்னணுப் பகுதிகள் உறங்க அரைமணி முதல் ஒரு மணி நேரம் பிடிக்கும்; அதுவரை பொறுத்தல் வேண்டும். பின்னர் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கலாம். எதை எடுத்தவுடன் அளவு சட்டெனக் குறைகிறதோ, அந்தச் சுற்றிலேதான் கசிவு. பிற்காலத்தில் பொருத்திய இசைக்கருவி, திருட்டு எச்சரிக்கை மணி, கேமரா, ஒட்டிக்கொண்ட ரிலே ஆகியவை வழக்கமான காரணங்கள். எந்த ஃபியூஸை எடுத்தும் அளவு மாறாவிடில், ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் டையோடு பழுதாகியிருக்கலாம். அதனை மின்பணியாளரிடம் காட்டுதல் வேண்டும்.

நம் சமவெளியின் வெயிலும் புழுதியும் தனிப் பகைகள். வெப்பம் மிகுந்தால் பேட்டரி தானே வறளும் வேகமும் மிகும். மேற்புறத்தில் அமிலக் கசிவோடு சேர்ந்த அழுக்கு, இரு முனைகளுக்கிடையே மெல்லிய மின்பாதை ஆகிவிடும். கம்பிகளைக் கழற்றி, சமையல் சோடா கரைத்த நீரில் நனைத்த துணியால் துடைக்கலாம். அந்நீர் கலத்தினுள் புகக்கூடாது. மூடியுள்ள பேட்டரியில் நீர் குறைந்தால் காய்ச்சி வடித்த நீரையே ஊற்ற வேண்டும். உப்புக் கலந்த கிணற்று நீர் தகடுகளைக் கெடுக்கும்.

காப்பு நெறிகள்

மின்னூட்டும்போது வெளிப்படும் ஹைட்ரஜன் எளிதில் தீப்பற்றும். அருகே பீடியோ தீக்குச்சியோ கூடாது. எதிர்முனையை முதலில் கழற்றி, இறுதியில் பூட்ட வேண்டும். அமிலம் கண்ணில் பட்டால் உடனே நிறைய நீரால் நெடுநேரம் கழுவி மருத்துவரை நாட வேண்டும்.

நமது கடமை

இத்தகைய ஆய்வுக்கு நம் அண்டையிலேயே ஓர் அறிவுக்கூடம் உண்டு. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்க, 1948இல் அடிக்கல் நாட்டப்பெற்று 1953இல் காரைக்குடியில் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமே அது. நம் மாணவர்கள் அத்துறையிலும் கருத்துச் செலுத்துதல் வேண்டும்.

உண்மையாகவே ஆயுள் முடிந்த பேட்டரியைத் தெருவோரம் உடைத்து உருக்குவோரிடம் தரலாகாது. காரீயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு. விற்பனையாளரிடமே திருப்பித் தரலாம். 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பழையவற்றைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்யும் பொறுப்பை உற்பத்தியாளர் மீது சுமத்தியுள்ளன.

வீண்விரயம் தவிர்க்க என்பது இஸ்லாம் வலியுறுத்தும் நெறி. கையிலுள்ள பொருளும் ஓர் அமானிதமே. குறையை ஆராயாமல் நல்ல பேட்டரி ஒன்றைத் தூக்கி எறிவது பொருளுக்கும் கேடு, மண்ணுக்கும் கேடு. ஓர் இரவு பொறுத்து, ஒரு மீட்டரைக் கொண்டு அளந்து பார்த்தால் அக்கேட்டைத் தவிர்க்கலாம்.