உங்களுக்குத் தெரியுமா? நரிக்கு வைத்த பொறியும் கழுகின் காலும்

● அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் குளிர்காலம் வந்தால் பொறி வைக்கும் காலமும் வந்துவிடும். ரோமத்துக்காகவும் ஆட்டு மந்தைகளைக் காக்கவும் கொயோட்டி (ஓநாய் போன்ற விலங்கு), நரி, பாப்கேட் (காட்டுப்பூனை வகை) போன்றவற்றைப் பிடிக்கிறார்கள். பொறிக்கு அருகே வெள்ளைப் பனியில் இரையாகக் கிடக்கும் முயல் இறைச்சி வானத்தில் சுற்றும் பொன்னிறக் கழுகின் கண்ணுக்கு வெகு தூரத்திலேயே பட்டுவிடும். இறங்கி, இரையை நோக்கி நாலு எட்டு நடக்கும்போது இரும்புத் தாடை காலைக் கவ்விக்கொள்கிறது.

● நரி மோப்பம் பிடித்து வரும், கழுகு கண்ணால் பார்த்து வரும். தடுக்கும் வழியே இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது. இரையைச் சிறு குழியில் வைத்துச் சருகும் மண்ணும் போட்டு மூடினால் நரிக்கு வாடை போய்ச் சேரும், மேலே பறக்கும் கழுகுக்கு எதுவும் தெரியாது. இதற்குத் தனிக் கருவி வேண்டாம், காசு செலவும் இல்லை. இதைக்கூடச் செய்யாதவர் பொறி வைக்கவே கூடாது என்பேன்.

● ஐடஹோ, மொன்டானா மாநிலங்களில் கண்ணுக்குத் தெரியும்படி கிடக்கும் இரைக்கு 30 அடிக்குள் தரைப்பொறி வைப்பது குற்றம். வேறு பல மாநிலங்களிலும் இதுபோன்ற விதிகள் உண்டு. ஆனால் மூடி வைத்த இரை மூடியபடியே இருக்கும் என்று சொல்ல முடியாது. காற்று சருகை அள்ளிப்போகும், சிறு விலங்குகள் மண்ணைக் கிளறும். அதனால் பொறியை அடிக்கடி போய்ப் பார்த்தே ஆக வேண்டும்.

● கழுகு இரையைக் கொல்வது அலகால் அல்ல, காலால். அந்தப் பாதத்தில் சதை மிகக் குறைவு. எலும்பும் தசைநாரும் தோலும்தான் பெரும்பகுதி. பொறி இறுக்கும்போது ரத்த ஓட்டம் தடைபடுகிறது, கடும் பனி அதற்கு மேல் விரலை உறைய வைக்கிறது. விடுவித்த அன்று காயம் சின்னதாகத் தெரியலாம். சில நாள் கழித்து விரல் கறுத்து உலர்ந்து போகும். பின்விரலின் பெரிய நகத்தை இழந்த கழுகுக்கு வேட்டையாடிப் பிழைப்பது மிகக் கடினம்.

● ஆகவே, ‘பறக்கிறதே’ என்று உடனே விட்டுவிடக் கூடாது. கனமான போர்வையைத் தலைமேல் போட்டால் கண் மறைந்து பறவை அமைதியாகும். கால்களைக் கவனமாகப் பிடித்து, பெட்டியில் வைத்துச் சிகிச்சைக்குக் கொண்டுபோக வேண்டும். மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ராப்டர் சென்டர் 1974 முதல் இத்தகைய பறவைகளுக்கு வைத்தியம் பார்க்கிறது.

● பொன்னிறக் கழுகு இனப்பெருக்கம் செய்யும் பருவத்தை எட்ட நாலைந்து ஆண்டுகள் ஆகும். முட்டைகள் பெரும்பாலும் இரண்டுதான், இரண்டு குஞ்சுகளும் எப்போதும் தேறுவதில்லை. வளர்ந்த ஒரு கழுகின் இழப்பு எளிதில் ஈடாகாது.

● வெண்தலைக் கழுகுக்கு அமெரிக்காவில் 1940-லேயே தனிச் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. பொன்னிறக் கழுகு அந்தச் சட்டத்துக்குள் வந்தது 1962-ல்.

● உயரமான கம்பத்தைக் கண்டால் உட்கார நினைப்பது பருந்தின் இயல்பு. இதைத் தெரிந்துகொண்டு கம்பத்து உச்சியிலேயே பொறி வைத்து, வேண்டுமென்றே அவற்றைப் பிடித்தார்கள் பிரிட்டனின் வேட்டைப் பண்ணைக் காவலர்கள். 1904-ல் சட்டம் போட்டு அதைத் தடுத்தார்கள். ஆனாலும் அந்தக் கொடுமை இன்னும் முற்றாக ஒழியவில்லை.

● பறவை கண்ணால்தான் இரையைத் தேடும் என்ற விதிக்கும் ஒரு விலக்கு உண்டு. அமெரிக்காவின் ‘டர்க்கி வல்ச்சர்’ என்ற பிணந்தின்னிக்கு மோப்ப சக்தி அபாரம். சருகுக்கு அடியில் அழுகும் இறைச்சியையும் கண்டுபிடித்துவிடும். அது சுற்றும் இடங்களில் இரையை மூடினால் மட்டும் போதாது.

● நம் வீட்டு எலிக்கு வைக்கும் பசை அட்டையும் பொறிதான். ஒட்டிக்கொண்டு துடிக்கும் எலியைத் தூக்க வரும் ஆந்தையின் இறகும் அதில் சிக்கும். வேல்ஸ் நாடு 2023-ல் பசைப் பொறியை அடியோடு தடை செய்துவிட்டது. இங்கே கடையில் கிடைக்கிறது என்பதற்காக அதை மொட்டை மாடியிலோ தோட்டத்திலோ திறந்த வெளியில் வைக்காதீர்கள். பறவை ஏதும் ஒட்டிக்கொண்டால் நீங்களே பிய்த்து எடுக்காமல் வனத்துறைக்கோ கால்நடை மருத்துவருக்கோ உடனே சொல்லுங்கள்.