எண்ணி முடித்த பிறகு – 9: பலாப்பழமும் 61 ஓட்டும்

2024 ஜூன் 4 அன்று ராமநாதபுரம் தொகுதியில் வென்றவரைவிடத் தோற்றவரைப் பற்றித்தான் பேச்சு அதிகம். மூன்று முறை முதலமைச்சர் நாற்காலியில் உட்கார்ந்தவர், அ.தி.மு.க.வின் இரட்டை இலை கையைவிட்டுப் போன நிலையில், பெரியகுளத்திலிருந்து கிளம்பி வந்து சுயேச்சையாக நின்றார். பா.ஜ.க. கூட்டணி அவருக்குக் கொடுத்தது ஒரே ஓர் இடம். அதில் தானே இறங்கினார். தேர்தல் ஆணையம் கொடுத்தது பலாப்பழம். போதாக்குறைக்கு, அவர் பெயரையும் முதலெழுத்தையும் அப்படியே கொண்ட வேறு பன்னீர்செல்வங்களும் மனு போட்டார்கள். ‘எந்தப் பன்னீர்செல்வம்?’ என்பது அந்த ஏப்ரல் மாதத்தின் நகைச்சுவை.

முடிவு இது. ஏணிச் சின்னத்தில் நின்ற இந்திய யூனியன் முஸ்லிம் லீக்கின் நவாஸ்கனி 5,09,664. ஓ.பன்னீர்செல்வம் 3,42,882. அ.தி.மு.க.வின் ஜெயபெருமாள் 99,780. நாம் தமிழர் கட்சியின் சந்திரபிரபா ஜெயபால் 97,672. வித்தியாசம் 1,66,782. அ.தி.மு.க.வுக்கு டெபாசிட் போயிற்று.

இந்த எண்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு 2019 முடிவை எடுத்துப் பாருங்கள். அப்போதும் வென்றவர் நவாஸ்கனிதான். இரண்டாவது வந்தவர் பா.ஜ.க.வின் நயினார் நாகேந்திரன், அ.தி.மு.க. அவருடைய கூட்டணியில் இருந்தது. அவர் வாங்கியது 3,42,821. ஐந்து வருடம் கழித்து, அ.தி.மு.க. எதிர்த்து நிற்க, யாரும் பார்த்திராத புதுச் சின்னத்தில் பன்னீர்செல்வம் வாங்கியது அதைவிட 61 ஓட்டு கூடுதல். தற்செயல்தான். ஆனாலும் தேர்தல் கணக்குப் பைத்தியங்களுக்கு இப்படி ஒரு தீனி அடிக்கடி கிடைக்காது.

முடிவுக்குப் பிறகு நடந்த விவாதம் இந்தத் தற்செயலைச் சுற்றித்தான் சுழன்றது. ‘இரட்டை இலை இல்லாமலேயே இவ்வளவு என்றால், ஒன்றாக இருந்திருந்தால்?’ என்று ஒரு தரப்பு. மாநிலம் முழுக்க 39 இடமும் தி.மு.க. அணிக்குப் போய், 20 சதவீதத்துக்கு மேல் ஓட்டு வாங்கிய அ.தி.மு.க. ஒரு இடம்கூட எடுக்காமல் நின்றபோது இந்த ‘ஒன்றாக இருந்திருந்தால்’ எல்லாத் தொகுதிக்கும் பரவியது. 2025 ஏப்ரல் 11 அன்று சென்னையில் அமித் ஷா முன்னிலையில் அ.தி.மு.க.–பா.ஜ.க. பழைய கூட்டணி மறுபடி ஒட்டவைக்கப்பட்டதற்கு அந்தக் கூட்டல் கணக்குக்கும் பங்குண்டு.

ராமநாதபுரத்தில் அந்தக் கூட்டல் கைகொடுக்காது. பன்னீர்செல்வத்தையும் ஜெயபெருமாளையும் கூட்டினால் 4,42,662. நவாஸ்கனி அப்போதும் முன்னால்தான். நாம் தமிழரையும் சேர்த்தால்தான் 5,40,334 வந்து அவரைத் தாண்டுகிறது. அந்த மூன்று பேரையும் ஒரே மேடையில் ஏற்ற எந்தத் தரகராலும் முடியாது. அது போகட்டும். இந்தக் கூட்டலுக்குள் ஒளிந்திருக்கும் வேறொரு சேதிதான் என் அக்கறை: வென்றவருக்கு விழுந்தது பதிவான ஓட்டில் ஏறத்தாழ 46 சதவீதம். பாதிக்கும் மேற்பட்டவர்கள் வேறு யாருக்கோ போட்டார்கள். சட்டப்படி இதில் குற்றம் ஒன்றுமில்லை. எல்லாரையும்விட ஒரு ஓட்டு அதிகம் வாங்கினால் போதும் என்பதுதான் விதி. அந்த விதி பிரிட்டனிலிருந்து வந்தது.

அந்த விதியின் தாய்வீட்டில் சரியாக ஒரு மாதம் கழித்து, ஜூலை 4 அன்று, தேர்தல். நாம் ஏப்ரல் 19-ல் ஓட்டுப் போட்டுவிட்டு 46 நாள் பெட்டியைப் பூட்டி வைத்துக் காத்திருந்தோம். அங்கே இரவு பத்து மணிக்கு வாக்குப்பதிவு முடிந்து, காகிதச் சீட்டுகளைக் கையால் எண்ணி, மறுநாள் மதியம் கெய்ர் ஸ்டார்மர் பிரதமர் வீட்டு வாசலில் நின்று பேசினார். ஸ்ட்ராட்ஃபோர்ட் அண்ட் போ தொகுதியில் உமா குமரன் வென்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் முதல் தமிழ் உறுப்பினர் ஆனதால் நம் பத்திரிகைகள் அந்தச் செய்தியைக் கொண்டாடின. அதற்குமேல் போகவில்லை.

அங்கே அதற்குமேல்தான் சண்டை. ஸ்டார்மரின் தொழிற்கட்சிக்கு 33.7 சதவீத ஓட்டு. 650-ல் 411 இடம். 2019-ல் ஜெரமி கார்பின் தலைமையில் படுதோல்வி அடைந்ததாகச் சொன்னார்களே, அப்போது அந்தக் கட்சிக்கு விழுந்த ஓட்டு ஒரு கோடிக்கு மேல். ஸ்டார்மரின் ‘அமோக வெற்றி’க்கு விழுந்தது 97 லட்சம். நைஜல் ஃபராஜின் ரிஃபார்ம் கட்சி 41 லட்சம் வாங்கி 5 இடம் பிடித்தது. லிபரல் டெமாக்ரட்டுகள் 35 லட்சம் வாங்கி 72 பிடித்தார்கள். இடதும் வலதும் ஒரே நேரத்தில் ‘எண்ணும் முறையே கோணல்’ என்று கத்தின. டிசம்பர் 3 அன்று விகிதாசார முறை கோரும் ஒரு தனிநபர் மசோதாவை அறிமுகப்படுத்த மக்களவை 138-க்கு 136 என்று அனுமதித்தது. மசோதா அதற்குமேல் நகரவில்லை. 411 பேரோடு வந்து உட்கார்ந்தவர், தன்னை உட்காரவைத்த ஏணியை ஏன் அசைக்கப்போகிறார்?

நம் ஊருக்கு வருவோம். எண்ணும் முறையால் இங்கே அதிகம் அடிபடுவது கட்சிகள் அல்ல, கடற்கரை. ராமநாதபுரம் நாடாளுமன்றத் தொகுதியில் ஆறு சட்டமன்றத் தொகுதிகள். பரமக்குடியிலும் திருச்சுழியிலும் கடலே கிடையாது. முதுகுளத்தூருக்கும் அறந்தாங்கிக்கும் கடலோரம் உண்டு என்றாலும் உள்நிலக் கிராமங்களே மிகுதி. மிளகாய்க்காட்டுக்காரரும் கண்மாய்ப் பாசனக்காரரும் சேர்ந்துதான் எம்.பி.யைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கடல் தொழில் செய்பவர்களின் ஓட்டு கரையோரத்தில் ஒரு மெல்லிய கோடு. மேடையில் மட்டும் அவர்கள் பிரச்சினை டெல்லிவரை ஒலிக்கும்.

2024-ல் ஒலித்தது. வாக்குப்பதிவுக்கு மூன்று வாரத்துக்குக் குறைவான நேரம் இருக்கும்போது, மார்ச் 31 அன்று, கச்சத்தீவை 1974-ல் இலங்கைக்குத் தாரைவார்த்தது காங்கிரஸ்தான் என்று பிரதமர் பதிவிட்டார். இரண்டு வாரம் இந்தியா முழுக்க 285 ஏக்கர் தீவைப் பற்றிப் பேசிற்று. ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. விசைப்படகுகள் கரையேறி நிற்க, பலகை மாற்றுவதும் வர்ணம் அடிப்பதும் மடி பொத்துவதுமாக இருந்தவர்கள் 19-ஆம் தேதி போய் ஓட்டுப் போட்டு வந்தார்கள். எண்ணிக்கை நடந்ததும் தடைக்காலத்துக்குள்தான். ஜூன் மத்தியில் படகு இறங்கியது, இலங்கைக் கடற்படையின் கைதுகளும் தொடங்கின. ஆகஸ்ட் 1 அன்று இலங்கைக் கடற்படைக் கப்பல் மோதிப் படகு மூழ்கியதில் ராமேஸ்வரம் மீனவர் ஒருவர் இறந்தார், இன்னொருவர் காணாமல் போனார். தீவைப் பற்றி மார்ச்சில் பேசிய குரல்கள் அந்த வாரம் எங்கே இருந்தன என்று தேடவேண்டியிருந்தது.

இது நம் ஊர் வழக்கம் மட்டுமா? பிரெக்சிட் வாக்கெடுப்பில் பிரிட்டிஷ் மீனவர்கள் கொடிபோல் தூக்கிப் பிடிக்கப்பட்டார்கள். 2025 மே 19 அன்று ஸ்டார்மர் அரசு ஐரோப்பியப் படகுகளுக்கு 2038 வரை தங்கள் கடலைத் திறந்துவிட்டது. துறைமுகங்கள் கொதித்தன. துறைமுகங்களில் எத்தனை நாடாளுமன்ற இடம் இருக்கிறது?

நீரிணைக்கு அந்தக் கரையில் வேறு கணக்கு. இலங்கையில் மாவட்ட வாரியாக விகிதாசார முறை. 2020-ல் நாடு முழுக்க இரண்டே இடம் பிடித்த ஈழ மக்கள் ஜனநாயகக் கட்சியின் டக்ளஸ் தேவானந்தா, யாழ்ப்பாணத்து உறுப்பினர், கடற்றொழில் அமைச்சராக இருந்தார். நம் இழுவைமடிகளால் வலை அறுபட்ட யாழ் மீனவரின் கோபம் அமைச்சரவை மேசைவரை போனதற்கு அந்த முறையும் ஒரு காரணம். ராமேஸ்வரத்துக் கோபம் அப்படி ஒரு மேசைக்குப் போனதில்லை. அதற்காக அங்கே எல்லாம் நேர்த்தி என்று நினைக்க வேண்டாம். 2024 நவம்பரில் யாழ் மாவட்டத்தில் தேசிய மக்கள் சக்திக்கு விழுந்தது கால்வாசி ஓட்டு. கிடைத்தது ஆறில் மூன்று இடம். முதலிடக் கட்சிக்கு ஒரு போனஸ் இடம், மற்ற ஓட்டெல்லாம் சிதறல்.

ஆகவே முழு விகிதாசாரத்தில் எனக்கு ஆசையில்லை. படகு பிடிபட்ட இரவில் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்று தெரியாமல் போகும்; இப்போதாவது தட்ட ஒரு கதவு இருக்கிறது. எனக்குப் பிடித்தது 1, 2, 3 என்று வரிசை போடும் முறை. இலங்கை அதிபர் தேர்தலில் இருக்கிறது. 2024 செப்டம்பரில் அநுர குமார திசாநாயக்க முதல் எண்ணிக்கையில் பாதியை எட்டாமல் 42 சதவீதத்தில் நின்றபோது, அந்நாட்டு வரலாற்றில் முதன்முறையாக விருப்பு வாக்குகளையும் எண்ணினார்கள். பிரிட்டன் மக்கள் இதே மாதிரி ஒரு முறையை 2011-ல் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வேண்டாம் என்றுவிட்டார்கள். அது அவர்கள் பாடு.

1949 ஜனவரியில் நம் அரசியல் நிர்ணய சபையில் காஜி சையது கரீமுத்தீன் விகிதாசார முறை கேட்டார். அம்பேத்கர் மறுத்தார். எண்களையாவது படிக்கத் தெரிந்த வாக்காளர் வேண்டும், நம் நாட்டில் எழுத்தறிவு அந்த அளவு இல்லை என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. அன்றைக்கு அது நியாயமான கவலை. ஆனால் குடியரசுத் தலைவரையும் மாநிலங்களவை உறுப்பினர்களையும் நம் பிரதிநிதிகள் வரிசை போட்டுத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். சட்டமன்ற உறுப்பினருக்குத் தெரிந்த 1, 2, 3, ஒரே பெயரில் பலர் நின்ற வரிசையில் தன் ஆளைக் கண்டுபிடித்து 3,42,882 பேர் பொத்தானை அழுத்திய தொகுதிக்காரர்களுக்குத் தெரியாதா? அந்த 99,780 பேருக்கும் 97,672 பேருக்கும் இரண்டாவது விருப்பம் யார் என்பதை இயந்திரத்தில் கேட்பதற்கு இடமே வைக்கவில்லை.

(தொடரும்)